காதை அடைத்துக்கொள்வது தர்மமா?



கண்ணுக்கு இமை இருக்கிறது. வாய்க்கு உதடு இருக்கிறது. நாற்றம் அடித்தால் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிச் சமாளித்துவிடலாம். காதுக்கு மட்டும்தான் மூடி கிடையாது. நாம் தூங்கும்போதுகூட அது திறந்தேதான் கிடக்கிறது. அப்படிப் படைக்கப்பட்ட ஒன்றை ஒரு சின்ன சிலிக்கான் துண்டை வைத்து அடைத்துக்கொள்வது சரியா?

"சத்தமா இருந்தா அடைச்சுக்க வேண்டியதுதானே, இதுல என்ன தத்துவம்?" என்று கேட்பீர்கள். நான் பொறியியல் படிக்கிறவன். எனக்கும் முதலில் அது வெறும் டெசிபல் கணக்காகத்தான் தெரிந்தது. ஆனால் கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் இயர் பிளக் ஒரு ஜோடியைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரிய ஆரம்பித்த இந்த ஒன்றரை வருடத்தில் மூன்று பேர் என்னிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டார்கள். ஆலயத்தில் ஓர் அக்கா: "சாமி மேளத்தையா தம்பி அடைக்கிற?" விடுதியில் ஒரு நண்பன்: "சத்தம் போடுறவன விட்டுட்டு நீ ஏன்டா காதை அடைக்கிற?" வீட்டில் அம்மா: "நான் பேசுறது கேக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கியா?"

மூன்றும் நல்ல கேள்விகள். ஒன்று பக்தியைப் பற்றியது, ஒன்று நியாயத்தைப் பற்றியது, ஒன்று உறவைப் பற்றியது. மூன்றுக்கும் பதில் தேடிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காதைப் பற்றிக் கொஞ்சம்

நம் உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்ணிய முடிச் செல்கள். ஒலி அலை உள்ளே வரும்போது அவை அசைகின்றன. அந்த அசைவை மின் சமிக்ஞையாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. தோல் கிழிந்தால் ஆறும். எலும்பு முறிந்தால் கூடும். இந்த முடிச் செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. பிறக்கும்போதே வங்கியில் போட்டுக் கொடுத்த பணம் மாதிரி. எடுக்கலாம், திரும்பப் போட முடியாது.

எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. டெசிபல் கணக்கு கொஞ்சம் ஏமாற்றுக் கணக்கு. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். அதனால் வேலையிடப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் கணக்கு இப்படிப் போகிறது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம். நம் நாட்டிலும் 2019-இல் வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள் 85 டெசிபலைத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன.

கையில் அளவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசினால்தான் கேட்கிறது என்றால், நீங்கள் 85-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ நிற்கிறீர்கள். அந்த இடத்தை விட்டு வந்த பிறகு காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால், காது உங்களிடம் புகார் கொடுக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலையில் அது நின்றுவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எதை வாங்குவது, எப்படிப் போடுவது

காதை அடைப்பது ஒன்றும் புது யோசனை இல்லை. 1908-இலேயே பெர்லினில் மாக்ஸ் நெக்வர் என்பவர் மெழுகும் பஞ்சும் கலந்து 'ஓரோபாக்ஸ்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்துவிட்டார். இன்று கடையில் கிடைப்பவை முக்கியமாக நான்கு வகை.

ஒன்று, மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பார்த்திருப்பீர்களே, அந்த நுரை வகை. மலிவு, சத்தத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் சில தடவைதான் தாங்கும், கழுவிப் பயன்படுத்த முடியாது. பேச்சும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிடும். இரண்டு, கோபுரம் போல அடுக்கடுக்காக இருக்கும் சிலிக்கான் வகை. கழுவலாம், மாதக்கணக்கில் வரும். மூன்று, அதே சிலிக்கானுக்குள் ஒரு வடிகட்டி வைத்தது. இது தாழ்ந்த சுருதி, உயர்ந்த சுருதி எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இறக்கும். ஒலிபெருக்கியின் குமிழைத் திருகிக் குறைத்த மாதிரி இருக்கும். பாட்டு பாட்டாகவே கேட்கும், பேச்சு பேச்சாகவே கேட்கும். நான்கு, செவித்திறன் நிபுணர் நம் காதுக்கு அச்சு எடுத்துச் செய்து தருவது. விலை அதிகம், இசைக்கலைஞர்களுக்கு ஏற்றது.

பெட்டியின்மேல் எஸ்.என்.ஆர் அல்லது என்.ஆர்.ஆர் என்று ஓர் எண் போட்டிருக்கும். எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதன் ஆய்வுக்கூட அளவு அது. நாம் போடும் இலட்சணத்தில் அவ்வளவு கிடைக்காது; பாதி கிடைத்தாலே நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதியும் சின்ன விஷயமில்லை. 100 டெசிபலை 10 குறைத்து 90 ஆக்கினால், 15 நிமிடம் என்பது இரண்டரை மணி நேரமாகிவிடுகிறது. பத்து மடங்கு.

பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கினால் பெரிய பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஒரு கணக்கு சொல்கிறேன். 30 டெசிபல் குறைக்கும் ஒன்றை 8 மணி நேரம் போட வேண்டிய இடத்தில், காது வலிக்கிறது என்று அரை மணி நேரம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் 12 டெசிபல். அந்த அரை மணி நேரம் மற்ற எல்லா நேரத்தையும் விழுங்கிவிடுகிறது. அதனால் கழற்றத் தோன்றாத ஒன்றைத்தான் வாங்க வேண்டும். விரதத்துக்கும் இதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன். தாங்க முடியாத பெரிய விரதத்தைப் பாதியில் விடுவதைவிட, தாங்கக்கூடிய சின்ன விரதத்தை முழுசாக இருப்பது மேல்.

போடும் முறைக்கு வருவோம். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னும் லேசாக இழுங்கள். வளைந்த காதுக்குழாய் நேராகும். சிலிக்கான் என்றால் மெல்லத் திருகியபடியே உள்ளே விடுங்கள். நுரை என்றால் மெல்லிய குச்சியாக உருட்டி உள்ளே விட்டு, விரிந்து முடிக்கும்வரை விரல் நுனியால் அரை நிமிடம் பிடித்திருங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதுகளைப் பொத்தி எடுத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் சரியாகப் பொருந்திவிட்டது. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். திருகி, காற்று போக விட்டு எடுங்கள். செவிப்பறை மெல்லியது.

சிலிக்கானை மென்மையான சவர்க்காரமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்தி டப்பாவில் வையுங்கள். வடிகட்டியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். பல் தூரிகையை யாருக்கும் கடன் கொடுக்காத மாதிரி இதையும் கொடுக்காதீர்கள். காதில் வலி, சீழ், நீர் வடிதல் இருந்தால் போடவே வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று: சத்தமே இல்லாத இடத்திலும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரியக் கூடாது. வெளியே சத்தம் வராவிட்டால் நம் கேள்விப் புலன் தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும். அப்புறம் கரண்டி விழுந்தால்கூட இடி விழுந்த மாதிரி இருக்கும்.

அக்காவின் கேள்வி: சாமி மேளத்தை அடைக்கலாமா?

இப்போது அக்காவுக்கு வருகிறேன். அவர் கேட்டதில் உள்ள பயம் எனக்குப் புரிகிறது. நம் வழிபாட்டில் ஒலி அலங்காரம் மட்டுமில்லை. மணி, சங்கு, நாதஸ்வரம், தவில், உறுமி எல்லாமே வழிபாட்டின் பகுதி. காவடி எடுக்கிறவருக்கு உறுமி வெறும் பின்னணி இசை இல்லை. அந்த அடி உடம்புக்குள் இறங்கித்தான் அவரைப் படியேற வைக்கிறது. அதைப் போய் 'இரைச்சல்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நம் மரபு சத்தத்தை மறைக்கவும் தெரிந்த மரபு. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஐயர் கை காட்டியதும் 'கெட்டி மேளம், கெட்டி மேளம்' என்கிறோமே, ஏன்? அந்த நொடியில் ஒரு தும்மலோ அபசகுனமான சொல்லோ மணமக்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்குத்தானே? எது காதில் விழ வேண்டும், எது விழக் கூடாது என்பதை நாமே முடிவு செய்யலாம் என்று பெரியவர்கள் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அவர்களிடம் சிலிக்கான் இல்லை, தவில் இருந்தது.

யோகத்திலும் இதைப் பார்க்கலாம். பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஐந்தாவது பிரத்தியாகாரம், அதாவது புலன்களை உள்ளே இழுத்துக்கொள்வது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஆமை தன் உறுப்புகளை உள்ளே இழுப்பதை உவமையாகச் சொல்கிறார் கண்ணன். ஷண்முகி முத்திரையில் இரண்டு கட்டைவிரலாலும் காதையே மூடிக்கொள்கிறோம். ஆக, காதை மூடுவது நமக்கு அந்நியமான செயல் இல்லை.

இங்கே ஒருவர் மடக்கலாம். "தம்பி, யோகி மனசால புலனை அடக்குறார். நீ கடையில வாங்கின பொருளால அடக்குற. ரெண்டும் ஒண்ணா?" ஒன்றில்லைதான். நான் யோகி என்று சொல்லவும் இல்லை. ஆமை தன் உறுப்பை உள்ளே இழுப்பது அதைத் தொலைப்பதற்காக இல்லையே. பிறகு வெளியே நீட்டுவதற்காகத்தானே? முடிச் செல்களைத் தொலைத்துவிட்டவனுக்கு உள்ளே இழுக்கவும் ஒன்றும் இருக்காது, வெளியே நீட்டவும் ஒன்றும் இருக்காது. அவன் புலனை அடக்கியவன் இல்லை, இழந்தவன். விரதம் இருப்பவனும் சோறில்லாதவனும் ஒன்றா?

அதோடு, போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இயர் பிளக் மௌனத்தைத் தருவதில்லை. வெளிச்சத்தம் இறங்கியதும் நம் குரலே நமக்குள் முழங்குகிறது. மென்று விழுங்குவது கேட்கிறது. காதுக்குழாய் அடைபட்டதால் எலும்பு வழியாக வரும் ஒலி உள்ளேயே சிக்கிக்கொள்வதுதான் இதற்குக் காரணம். பொறியியலில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. தியானத்துக்கு உட்கார்ந்தவர்கள் படும் பாடும் இதுதானே? ஊர்ச் சத்தம் ஓய்ந்தால் முதலில் கேட்பது நம் சத்தம்.

ஆகவே அக்காவுக்கு என் பதில் இது: நான் மேளத்தை அடைக்கவில்லை அக்கா, இறக்குகிறேன். 20 டெசிபல் இறக்கியும் உறுமியின் அடி நெஞ்சில் விழுகிறது. அடுத்த தைப்பூசத்துக்கும், அதற்கடுத்ததுக்கும், என் அறுபதாவது வயதிலும் இதே மேளத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் போடுகிறேன்.

நண்பனின் கேள்வி: சத்தம் போடுகிறவரை விட்டுவிடுவதா?

மூன்றில் கடினமானது இதுதான். இதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு செம்பனை ஆலையில் 26 வருடம் வேலை செய்தார். கொதிகலன், பிழியும் இயந்திரம், விசையாழி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அங்கே நுரை இயர் பிளக் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார்கள். எப்படிப் போடுவது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆட்கள் பாதி வெளியே தெரிய நுனியில் சொருகிக்கொண்டு வேலை செய்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் எல்லோருக்கும் கடமை முடிந்தது. இயந்திரம் அப்படியேதான் ஓடியது. அப்போதைய 1989-ஆம் ஆண்டு விதிமுறை 90 டெசிபல் வரை அனுமதித்தது. 2019-இல் அது 85 ஆனது. ஐந்துதானே என்று தோன்றும். ஆற்றல் கணக்கில் பழைய எல்லை புதியதைப் போல மூன்று மடங்கு. சட்டம் மாறியபோது அப்பாவின் காது ஏற்கெனவே போய்விட்டது.

இரைச்சலால் போகும் காது முதலில் உயர்ந்த அதிர்வெண்களைத்தான் இழக்கும். உயிரெழுத்தின் ஓசை கேட்கும். மெய்யெழுத்தின் விளிம்பு கேட்காது. தங்கை 'கடை' என்றால் அது கடையா, படையா, தடையா என்று அப்பாவுக்குத் தெரியாது. ரொம்ப நாள் "என்ன, என்ன" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை. சிரித்துத் தலையாட்டுகிறார். சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்கும்போது அவரும் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார். அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதை எந்த டெசிபல் கணக்கிலும் எழுத முடியாது.

எங்கள் பாடத்தில் ஆபத்தைக் கட்டுப்படுத்த ஒரு வரிசை சொல்லித் தருவார்கள். முதலில் ஆபத்தையே நீக்கு. முடியாவிட்டால் அதற்குப் பதிலாக ஆபத்துக் குறைந்த ஒன்றைப் பயன்படுத்து. அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தைச் சுற்றித் தடுப்புப் போடு. பிறகு ஆட்களின் நேரத்தைக் குறை. கடைசியில்தான் கையுறை, கண்ணாடி, இயர் பிளக். இந்த வரிசை தேர்வுக்குப் படிக்கும்போது தொழில்நுட்பமாகத் தெரிந்தது. அப்பாவை நினைத்துப் படித்தால் அது ஒரு தர்ம வரிசை. தீங்கு செய்கிறவர் தன் பங்கை முதலில் செய்ய வேண்டும்; தீங்குக்கு ஆளாகிறவரைத் தற்காத்துக்கொள்ளச் சொல்வது கடைசி. வரிசையைத் தலைகீழாக்கி, "உனக்குத்தான் பிளக் கொடுத்துட்டோமே" என்று சொல்வது அதர்மம்.

இதே அளவுகோலை நம் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டாமா? ஆலயத் திருவிழாவில் நள்ளிரவு வரை ஒலிபெருக்கி. எதிர்த் தாமானில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து படுத்தவர் இருக்கிறார், கைக்குழந்தை இருக்கிறது, நோயாளி இருக்கிறார். உபயம் நம்முடையது, தூக்கம் அவர்களுடையது. அஹிம்சை என்று மேடையில் பேசுகிறோம். கையால் அடித்தால்தான் ஹிம்சையா? அவர்கள் நம் சமயத்தவரா இல்லையா என்பது இதில் கேள்வியே இல்லை. புகைக்குழாயைக் கழற்றிவிட்டு விடியற்காலை மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனை நாம் என்னவெல்லாம் சொல்கிறோம்?

இன்னொரு கூட்டத்தை நாம் மறந்தே போகிறோம். உறுமி அடிக்கும் பையன்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். பக்தர்கள் மேளத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். இவர்கள் மேளத்தோடு நாள் முழுக்க நடக்கிறார்கள். பயிற்சி நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அண்ணா, படுத்தா காதுல சத்தம் வந்துக்கிட்டே இருக்கு" என்று அவர்களில் ஒருவன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சிரித்ததும் எனக்கு அப்பாவின் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கு வெளியிட்ட தரநிலையில், சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, வருகிறவர்களுக்குக் காதுப் பாதுகாப்பும் அமைதியான ஓர் இடமும் கிடைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆலயம் கச்சேரி அரங்கு இல்லைதான். ஆனால் அங்கே வருகிறதும் இதே காதுதானே?

அதனால் நண்பனுக்கு என் பதில்: காதை அடைப்பது ஒரு பாதிதான். குறைக்கச் சொல்லிக் கேட்பது மறு பாதி. இயர் பிளக் போட்டுக்கொண்டு "எனக்கென்ன" என்று இருந்துவிட்டால், அந்த ஆலை செய்த வேலையைத்தான் நானும் செய்கிறேன்.

அம்மாவின் கேள்வி: நான் பேசுவது கேட்கக் கூடாதா?

அம்மா பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. சத்தத்தை அடைக்கிற பழக்கம் மெல்ல மனிதர்களை அடைக்கிற பழக்கமாக மாறிவிடலாம். இரயிலில் பாருங்கள், எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று. பக்கத்தில் ஒரு பாட்டி "தம்பி, அடுத்த ஸ்டேஷன் என்னாப்பா" என்று கேட்டால் யாருக்குக் கேட்கும்?

திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நமக்குக் கேட்பது என்றால் ஓசை காதில் விழுவது மட்டும் இல்லை. தெரிந்துகொள்வதும் கேட்பதுதான், ஒருவர் சொல்லுக்கு இணங்குவதும் கேட்பதுதான். "சொன்னா கேளு" என்று அம்மா சொல்லும்போது காதைப் பற்றியா சொல்கிறார்? இயர் பிளக் முதல் வகைக் கேட்பதை மட்டும்தான் தொட வேண்டும். மற்றதைத் தொட்டால் கழற்றிவிட வேண்டும்.

எனக்கு நானே சில விதிகள் வைத்திருக்கிறேன். ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிடுவேன். அது மரியாதை. சாலையைக் கடக்கும்போது கழற்றிவிடுவேன். வீட்டில் பாட்டி இருக்கும் நாட்களில் இரவில் ஒரு காதுக்கு மட்டும்தான். விடுதியில் படிக்கும்போது பெரிய எண் வேண்டாம், மிதமாகக் குறைக்கும் வடிகட்டி வகையே போதும்.

இந்தக் கடைசி விதிக்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் தேர்வு வாரத்தில் ஓர் இரவு, அறைத்தோழன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். பிளக் போட்டிருந்த எனக்கு வார்த்தை எதுவும் புரியவில்லை. ஆனால் குரல் மாறியது தெரிந்தது. கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஈப்போவில் அவன் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அன்று இரவே அவனைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையம் போனேன். முழுசாக அடைக்கும் வகையைப் போட்டிருந்தால் அந்தக் குரல் எனக்கு எட்டியிருக்காது. அவனும் கூப்பிட்டிருக்க மாட்டான். கூப்பிடுகிற ஆள் இல்லை அவன்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான். படைத்தவன் காதுக்கு மூடி வைக்காமல் விட்டதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றால், அது பிறர் நம்மைக் கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் கூப்பாடு எட்டுகிற அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். அது அழியாமல் இருக்கிற அளவுக்கு மூடியிருக்க வேண்டும்.

சுவாமிமலைக் கதை நமக்கெல்லாம் தெரியும். பிரணவத்தின் பொருளை முருகன் சபையில் முழங்கவில்லை. தகப்பனின் காதில் மெல்லச் சொன்னான். தீட்சை கொடுக்கும் குரு மந்திரத்தைக் காதில்தான் சொல்கிறார். சிவாலயத்தில் நம் வேண்டுதலை நந்தியின் காதில்தான் சொல்கிறோம். நம் மரபில் ஆகப் பெரிய விஷயங்கள் ஆகச் சிறிய குரலில் சொல்லப்படுகின்றன. இரைச்சல் முதலில் திருடிக்கொண்டு போவதும் அந்தச் சிறிய குரலைத்தான். என் அப்பாவிடம் எதையும் மெல்லச் சொல்ல என்னால் இப்போது முடிவதில்லை. "ரொம்ப நன்றிப்பா" என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்திச் சொல்லும்போது அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

நண்பர்களே, நம் இயக்கக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் கிளைகள், மோர்க் குவளைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் நுரை இயர் பிளக் பொட்டலங்களையும் வையுங்கள். போடும் முறையைப் படம் வரைந்து ஒட்டுங்கள். கொடுத்துவிட்டுக் கைகழுவிவிட வேண்டாம். உங்கள் வட்டார உறுமிக் குழுவுக்குக் கழுவிப் பயன்படுத்தும் வடிகட்டி வகையில் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். மேளத்துக்குச் செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை. ஆலய நிர்வாகத்திடம் உட்கார்ந்து, ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்புவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று பணிவாகப் பேசுங்கள். பெரியவர்கள் முதல் தடவை கேட்காவிட்டால் இரண்டாம் தடவை போங்கள்.

அந்தப் பையன்கள் இன்னும் நாற்பது வருடம் கழித்துத் தங்கள் பிள்ளைகள் காதோடு வந்து சொல்வதைக் கேட்க வேண்டும்.